பக்கத்து வீட்டில் மட்டும் காய்ந்த துணி

காய்ந்த துணியை உதறினால் ஒரு சத்தம் வரும். ஈரத் துணியை உதறினால் வேறு சத்தம். சாதாரண நாளில் இந்த வித்தியாசம் யார் காதிலும் விழாது. ஐப்பசி அடைமழையில், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, மூன்று நாளாக ஒரு துணியும் ஒழுங்காகக் காயாமல் உட்கார்ந்திருக்கிறவள் காதில் விழும்.

அன்று வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டு, சாம்பிராணிக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு பாயில் மல்லாந்து கிடந்தேன். கூடைக்குள் மண்சட்டியில் கொஞ்சம் தணல். பின்கழுத்துக்கு இதமாக இருந்தது. மல்லிகா தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓட்டின்மேல் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ‘படார்’ என்றது.

உமையாள் துணி உதறுகிறாள். மறுபடி ‘படார்’. காய்ந்த துணிதான், சந்தேகமே இல்லை. நான் எண்ண ஆரம்பித்தேன். பன்னிரண்டு. பன்னிரண்டு இடுப்புத் துணி, அதுவும் அந்த மழையில்!

எங்கள் வீட்டில் அன்று காய்ந்திருந்தது இரண்டு. அதிலும் ஒன்று காய்ந்ததா இல்லையா என்று கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயிறு எரிந்தது. பின்கழுத்தும் சுட்டது. அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. தணலில் முடி காயுமானால் துணி ஏன் காயாது?

பாதி ஈர முடியோடு எழுந்துவிட்டேன்.

நாலு குடித்தனம், ஒரு கிணறு

அப்போது நாங்கள் புதுக்கோட்டை தெற்கு நான்காம் வீதியில் குடியிருந்தோம். சமஸ்தானம் போய்ப் பத்து வருஷம் ஆகியிருக்கலாம். வீட்டுச் சொந்தக்காரர் மட்டும், “மகாராஜா காலத்து ஓடும்மா, லேசுல மாத்த முடியாது” என்று சொல்லித்தான் ஒழுகலுக்குச் சமாதானம் சொல்வார்.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக நாலு குடித்தனம். ஒவ்வொன்றுக்கும் தெருப்பக்கம் ஓர் அறை. அதை ஒட்டி வாசல் கதவிலிருந்து கொல்லைக் கதவு வரை நீளமாக ஒரு நடை. நடையின் கடைசியில் பக்கவாட்டில் அடுப்படி. கொல்லையும் கிணறும் எல்லோருக்கும் பொது.

என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸில் கிளார்க். பக்கத்துக் குடித்தனம் உமையாள் ஆச்சி. ஆச்சி என்றதும் வயதானவள் என்று நினைத்துவிடாதீர்கள். திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டுப் பெண்களை எந்த வயதிலும் அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிட ஒரு வயது சிறியவள். அவள் புருஷன் கடைத்தெருவில் ஒரு பேப்பர்க் கடையில் வேலை பார்த்தார்.

எங்கள் இருவருக்கும் ஒரே மாதத்தில் குழந்தை பிறந்தது. எனக்கு மல்லிகா, அவளுக்குச் சாத்தப்பன். அவனுக்குப் பதினாறு நாள் மூப்பு. இருவரும் ஒரே ஊர்த் தண்ணீரில் குளித்து, ஒரே மழையில் வளர்ந்தார்கள். அவன் மட்டும் காய்ந்த துணியில் கிடந்தான்.

நான் டீச்சர் டிரெயினிங் முடித்தவள். அவள் ஐந்தாம் வகுப்பு. இதை எழுதாமல் விட்டிருந்தால் எனக்குக் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் அந்த ஐப்பசி முழுக்க என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது இதுதான். ஆகவே எழுதிவிடுகிறேன்.

கையில் ஓர் ஆர்டர்

டிரங்குப் பெட்டியில், கல்யாணப் பட்டுக்கு அடியில், எனக்கு வேலைக்கு வந்த ஆர்டர் இருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு போர்டு ஸ்கூல். கார்த்திகை பிறந்ததும் சேர வேண்டும். குறித்த நாளில் சேராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். தினமும் ஒரு தடவை பெட்டியைத் திறந்து, ஆர்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுவேன். அதற்கும் ஈரம் பட்டுவிடக் கூடாதே.

பள்ளிக்கூட நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பது? அதற்கும் உமையாள்தான் வழி சொன்னாள்.

“எங்கிட்ட விட்டுட்டுப் போங்க டீச்சர். ஒண்ணுக்கு ரெண்டா கெடக்கட்டும். மத்தியானம் பெல் அடிச்சதும் ஓடியாந்து பால் குடுத்துட்டுப் போங்க.”

வேலையில் சேருவதற்கு முன்பே என்னை டீச்சர் ஆக்கியது அவள்தான். கேலிக்குக் கூப்பிடுகிறாளா, மரியாதைக்குக் கூப்பிடுகிறாளா என்பதைக் கடைசிவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாம்பிராணிக் கூடை வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, என் வீட்டுக்காரரின் அக்கா கீரமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அதனால் எங்கள் வீட்டில் அவர் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது.

வந்ததும் வராததுமாக மல்லிகாவைத் தூக்கித் துணியை விலக்கிப் பார்த்தார்.

“என்னத்தா பாக்கியம் இது, தொடையெல்லாம் இப்புடிச் செவந்து கெடக்கு? இருமல் வேற.”

“ஈரம் மதினி. மழை விட மாட்டேங்குது.”

“மழை ஒனக்கு மட்டுந்தான் பேயுதா?”

நான் பதில் சொல்வதற்குள், நேரம் பார்த்தாற்போல் உமையாள் கொல்லைப்பக்கமாக உள்ளே வந்தாள். கையில் மடித்த துணி நாலு.

“இதப் போடுங்க பிள்ளைக்கு. முந்தாநாளே கொண்டாந்து குடுத்தேன், டீச்சர் வேணாமின்னுட்டாங்க.”

உண்மைதான். திங்கட்கிழமை அதே துணிகளைக் கொண்டுவந்து நீட்டினாள். “எங்ககிட்டயே நெறைய இருக்கு ஆச்சி” என்று சொல்லிவிட்டேன். அப்போது மல்லிகாவின் இடுப்பில் இருந்தது என் பழைய பாவாடையின் கிழிசல். அதிலும் ஈரம்.

மதினி ஒரு துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். “அடியாத்தா! அப்பளமாட்டம் மொறமொறன்னுல்ல இருக்கு!” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

புறப்படும்போது, குடையை விரித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். “வர்ற பொதங்கெழமை வாரேன். அன்னைக்கும் புள்ள தொடை இப்புடியே கெடந்துச்சுன்னா, ஆத்தாளையும் மகளையும் ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். தை பொறக்கட்டும், அப்பறம் பாப்போம்.”

“மதினி, வேலைக்கு ஆர்டர் வந்துருக்கு...”

“வேலை எங்கிட்டு ஓடிப்போயிரும்? புள்ள வாடிப்போகும்.”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டு, “அக்கா சொல்றதுலயும் ஒண்ணு இருக்குல்ல” என்றார். பேப்பர் தலைகீழாக இருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நேராகத்தான் இருந்தது.

கூடையும் கயிறும்

ஆக, அந்த வெள்ளிக்கிழமை என் கையில் இருந்தது ஐந்து நாள்.

சட்டியிலிருந்து சாம்பிராணியை எடுத்துப் போட்டுவிட்டு, வெறும் தணலின்மேல் கூடையைக் கவிழ்த்து ஒரு துணியை விரித்தேன். ஆவி எழும்பியது. அரை மணியில் துணி காய்ந்துவிட்டது! தூளியை ஆட்டி மல்லிகாவிடம் சொன்னேன், “உன் அம்மாவுக்கு மூளை இருக்குடி” என்று. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றே உதறினேன். ‘படார்’ வரவில்லை. ‘சொத்’ என்றது. நடுவில் இன்னும் ஈரம்.

துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் கூடையின் பிரம்புப் பின்னல் அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தது. கணக்கும் இடித்தது. ஒன்று காய அரை மணி. மழைக்காலத்தில் ஐந்து மாதக் குழந்தை அரை மணியில் எத்தனை நனைக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். நான் ஒன்றைக் காய வைப்பதற்குள் என் மகள் இரண்டை முடித்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை அடுப்புக்கு மேலே கயிறு கட்டினேன். துணி காய்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஓட்டிலிருந்து புகைக்கரி கரைந்து சொட்டி எல்லாவற்றிலும் கறுப்புப் புள்ளி. மல்லிகா மேல் அன்று முழுக்க வெங்காயம் தாளித்த வாசம். அவர் குழந்தையைத் தூக்கி முகர்ந்துவிட்டு, “இன்னைக்கு என்ன சாம்பாரா?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இடையில் ஒரு சமாசாரம். நான் பிறந்த ஊர் நார்த்தாமலைப் பக்கம். திரும்பின பக்கமெல்லாம் பாறை. வெயில் காலத்தில் பாறையில் துணியை விரித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்து வருவதற்குள் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் எப்படிச் சமாளித்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். சமாளிக்கவில்லை. துவைக்கவே இல்லை. அழுக்கோடு சுற்றினோம். ஆக, பிறந்த வீட்டுச் சீதனமாக இந்த விஷயத்தில் எனக்கு ஒரு புத்தியும் வந்திருக்கவில்லை.

பறவையும் ஊதக்காற்றும்

ஞாயிற்றுக்கிழமை பெரிய சோதனை.

அதைச் சொல்வதற்கு முன் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பச்சைப் பிள்ளைத் துணியைச் சாயங்காலத்துக்கு மேல் வெளியே போட மாட்டோம். பறவை குறுக்கே பறந்தால் அந்த நிழல் துணியில் பட்டு, துணியிலிருந்து பிள்ளைக்குத் தோஷம் வரும், பிள்ளை தேறாது என்பார்கள். அது போக, பிள்ளை இருக்கிற வீட்டில் ஊதக்காற்று நுழையக் கூடாது. மழைக்காற்று ஒரு நூல் உள்ளே வந்தாலும் சளி. ஆகவே ஐப்பசி பிறந்துவிட்டால் கதவு, சன்னல் எல்லாம் சாத்திக் கிடக்கும். பிள்ளையும் உள்ளே, துணியும் உள்ளே.

பறவை தோஷத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. டிரெயினிங்கில் படிக்கும்போதே இதையெல்லாம் எதிர்த்துப் பேசியவள் நான். ஆனாலும் நாலு மணி அடித்ததும் முதல் ஆளாக ஓடிப்போய்த் துணியை உள்ளே எடுத்து வருவேன். கேட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் குறுக்கும் நெடுக்குமாக எட்டுக் கயிறு கட்டினேன். துணி பதினெட்டு, தூளிச் சேலை இரண்டு, அவருடைய வேட்டி ஒன்று. இரண்டு சட்டி நிறையத் தணல். காற்று புகாதபடி சன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கைத் திணித்தேன். சூடு உள்ளேயே நின்றால் துணி காயாமல் எங்கே போகும்?

கொஞ்ச நேரத்தில் அறை வெந்நீர் அண்டா மாதிரி ஆகிவிட்டது. சுவர் வேர்த்தது. காலண்டர் ஒட்டல் விட்டு விழுந்தது. கண்ணாடியில் முகம் தெரியவில்லை. எனக்குத் தலை கிறுகிறுத்தது. தூளியில் மல்லிகா முகம் சிவந்து வீறிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு, சாக்கைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு நடைக்கு ஓடிவந்தேன்.

நடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அவர், “இது வீடா, சலவைத்துறையா? ஞாயித்துக்கிழமையாவது மனுசன் நிம்மதியா இருக்க வேணாமா?” என்றார்.

கொல்லையிலிருந்து உமையாள் குரல் கேட்டது. “என்ன டீச்சர், புட்டு அவிக்கிறீங்களா? ஓட்டு இடுக்குல ஆவி வருதே!”

அன்று சாயங்காலம் துணிகளைத் தொட்டுப் பார்த்தேன். காலையில் கட்டியபோது இருந்த ஈரம் அப்படியே இருந்தது. கூடுதலாக ஒரு மக்கல் வாடை. மல்லிகாவின் தொடையில் சிவப்பு இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அவளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். பொறாமையில் நாலு நல்ல துணியை வேண்டாமென்று திருப்பி அனுப்பியவள்தானே நான்.

திருப்பிக் கொடுக்க முடியாத நாலு துணி

அந்த நாலு துணியும் எனக்குப் பெரிய வில்லங்கமாகிவிட்டன. மதினி எதிரில் வாங்கியாயிற்று. குழந்தைக்குக் கட்டியும் ஆயிற்று. துவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காய்ந்தால்தானே கொடுப்பது? கூடையில் போட்டால் பிரம்புத் தழும்பு விழும். அடுப்புக்கு மேல் போட்டால் கரி. இரவல் துணியை அடையாளம் போட்டுத் திருப்பிக் கொடுக்க எந்த முகத்தோடு போவது?

திங்கட்கிழமை காலை, எட்டு மணி இருக்கும், ஈரத்தோடேயே நாலையும் மடித்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்குப் போனேன்.

வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. அந்தக் கோடியில் கொல்லைக் கதவும் திறந்திருந்தது. பல்லவன் குளத்துப் பக்கமிருந்து வந்த ஊதக்காற்று ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் போய்க்கொண்டிருந்தது. நடை நெடுக, உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்ட மூங்கில் கழிகள். ஒவ்வொன்றிலும் துணி ஒற்றை மடிப்பாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. அறையில் தணல் இல்லை. கயிறும் இல்லை.

கொல்லைக் கதவுக்கு உள்பக்கம் உமையாளும் அவள் புருஷனும் எதிரெதிராக நின்றிருந்தார்கள். நடுவில் ஒரு தூளிச் சேலை. ஒரு முனை அவள் கையில், மறு முனை அவர் கையில். அவள் வலப்பக்கம் முறுக்க, அவர் இடப்பக்கம் முறுக்கினார். சேலை கயிறு மாதிரி இறுகி, நடுவில் முடிச்சு முடிச்சாகத் திரண்டு, தண்ணீர் ஒழுகி வாளியில் விழுந்தது.

“இன்னும் ஒரு சுத்து.”

“கை போச்சுடி.”

“மூணு வேளை திங்கிற கைதானே, போகாது. சுத்துங்க.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு சுற்று சுற்றினார். அவள் கையிலிருந்து முனை வழுக்கி, இரண்டு பேரும் இரண்டு பக்கம் சாய்ந்து, சிரித்தார்கள். அப்புறம் அவர் கவைக்கம்பை எடுத்துச் சேலையை மேலே கழியில் ஏற்றினார். இடுப்புத் துணி, மூத்திரத் துணி என்ற பேதம் அவருக்கு இல்லை. வரிசையாக ஏற்றிக்கொண்டே போனார்.

நான் வாசலில் நின்றேன். கையில் இருந்த நாலு துணியின் ஈரம் என் சேலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

“வாங்க டீச்சர், ஏன் நிண்டுட்டீங்க?” உமையாள் துணியை வாங்கித் தொட்டுப் பார்த்தாள். “காயலையா? அதுக்கென்ன, இங்கன போட்டுட்டாப் போச்சு. மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும்.”

ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சொல்லவில்லை.

நானே கேட்டேன், “ஊதக்காத்துல இப்படிக் கதவத் தொறந்து போட்டுருக்கீங்களே, பிள்ளைக்கு ஆகுமா?”

“பிள்ளை அடுப்படியில கதவச் சாத்திக்கிட்டு அடுப்போரமாத் தூங்குறான். காத்து துணிக்குத்தானே டீச்சர் வேணும்?”

படத்தில் நானே வரைந்தது

டிரெயினிங்கில் நான் ஒரு படம் வரைந்தேன். ‘நீர் ஆவியாதல்’ என்று தலைப்பு. கொடியில் ஒரு சட்டை, மேலே சூரியன், பக்கத்தில் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுகிற காற்று. கீழே நீல மையில் எழுதியிருந்தேன்: காற்று வீசினால் ஈரம் விரைவில் உலரும், மூடிய இடத்தில் உலராது. மிஸ் அதை வகுப்புச் சுவரில் மாட்டினார். இரண்டு வருஷம் அங்கேயே தொங்கியது.

கன்னம் உப்பிய அந்தக் காற்றை வரைந்த கைதான் கதவிடுக்கில் சாக்கைத் திணித்தது.

படிப்பு பரீட்சையோடு முடிந்துபோயிற்றா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். ஐந்தாவது படித்தவள் நடையில் காற்றை ஓடவிட்டுத் துணி காய வைக்கிறாள். நான் பிள்ளைக்குக் காற்று ஆகாது என்று துணிக்கும் காற்றை அடைத்து, இரண்டையும் சேர்த்து அவித்திருக்கிறேன். இந்த லட்சணத்தில் நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகிறேனாம்.

ஓடிவந்து மல்லிகாவை அடுப்படிக்கு மாற்றினேன். நடைக் கதவு இரண்டையும் திறந்தேன். கொல்லையில் கிடந்த மூங்கிலைத் துடைத்துக் கட்டினேன். காற்று ‘விர்’ரென்று நுழைந்தது. துணிகள் கிளம்பி ஆடியபோது எனக்கே ஆடத் தோன்றியது.

சாயங்காலம் எட்டுத் துணி காய்ந்திருந்தது. உதறினேன். ‘படார்’ என்றது. என் வீட்டில், என் கையில்!

ஆனால் மற்றவை காயவில்லை. தூளிச் சேலை அடியில் சொட்டிக்கொண்டே இருந்தது. உமையாள் வீட்டில் இரண்டு மணிக்கே எல்லாம் மடித்து முடிந்துவிட்டது. அதே காற்று, அதே மாதிரி நடை, அதே மூங்கில். வித்தியாசம் பிழிவதில் இருந்தது. நான் ஒற்றை ஆளாக ஒரு முனையைக் காலில் மிதித்துக்கொண்டு பிழிந்து பார்த்தேன். கிணற்றுத் தூணில் சுற்றி முறுக்கிப் பார்த்தேன். மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். பாதித் தண்ணீர் துணியிலேயே தங்கியது.

கிணற்றடியில் கேட்டது

எனக்கு உமையாளின் துணிமேல் இருந்த பொறாமை அன்றோடு தீர்ந்தது. அதைவிட மோசமான பொறாமை ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. கண்ணை மூடினால் அந்த இரண்டு பேரும் இரண்டு பக்கம் சாய்ந்து சிரிப்பது தெரிந்தது. சோறு குழைந்துபோயிற்று. ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டேன்.

என் வீட்டுக்காரர் நல்லவர். அடித்ததில்லை, வைததில்லை. சம்பள நாளில் மல்லிகைப்பூ மறக்க மாட்டார். மகளை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் கொஞ்சுவார். ஆனால் அவள் நனைத்துவிட்டால், “பாக்கியம், இந்தா” என்று கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொள்வார். தரையில் ஈரத் துணி கிடந்தால் கால் கட்டைவிரலால் தள்ளி ஓரமாக நகர்த்துவார். ஊரில் எல்லா ஆண்களும் அப்படித்தான் என்று நினைத்து நானும் இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்தேன். ஒரு சுவர் தள்ளி வேறு மாதிரி ஒருவர் இருப்பார் என்று யார் கண்டது?

அந்தத் திங்கட்கிழமையே, தண்ணீர் இறைக்கும்போது வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“ஆச்சி, அண்ணன எப்படிப் பழக்கினீங்க?”

உமையாள் வாளியை நிறுத்தினாள். “பழக்குறதாவது! எங்க ஊர்ப் பெரிய வீட்டுல இவுக ஒரு துண்டத் தொட்டிருந்தாக்கூட மாமனுங்க, மச்சானுங்க எல்லாரும் சிரிச்சிருப்பாக. இங்கிட்டு வந்து போன வருசம் மொத மழை. ஒத்தையில ஜமுக்காளத்தப் பிழிய முடியாம இந்தக் கிணத்தடியில நிண்டு அழுதேன். பாத்தாக. வந்து ஒரு முனையப் புடிச்சாக. அவ்வளவுதான்.”

“அழுதீங்களா?”

“ஆமா. நீங்களும் அழுது பாருங்களேன்” என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

எனக்கு அழ வராது. கோபம்தான் வரும். கோபத்தில் கேட்டால் அவர் குடையை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விடுவார். புதன்கிழமை காலை பஸ்ஸில் மதினி வந்து இறங்குவார். மல்லிகாவின் தொடையில் சிவப்பு லேசாக அடங்க ஆரம்பித்திருந்தது. செவ்வாய் ஒரு நாள் முழுக்கக் காய்ந்த துணி கிடைத்தால் ஆறிவிடும் என்று தோன்றியது. எட்டுத் துணி போதாது. இருபது வேண்டும்.

ராத்திரி சாப்பாடு ஆவதற்குள் திட்டம் போட்டுவிட்டேன். எடுத்த எடுப்பில் மூத்திரத் துணியை நீட்டினால் காரியம் கெட்டுவிடும். அவருடைய துணியிலேயே ஆரம்பிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்கு அவர் கட்ட வேண்டிய எட்டு முழ வேட்டியைத் துவைத்து, பிழியாமல் வாளியிலேயே போட்டு வைப்பது. வேறு வேட்டி இல்லை. இருந்த இன்னொன்று அறையில் வெந்து மக்கல் வாடையோடு கிடக்கிறது. இரண்டு பேராக இறுக்கிப் பிழிந்து நடைக் காற்றில் போட்டால்தான் ஆபீஸ் நேரத்துக்குள் கட்டுகிற அளவுக்கு உலரும். அவர் சவரம் முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நடைக்கு வருவார். கை இரண்டும் சும்மா இருக்கிற நேரம் அது ஒன்றுதான். அப்போது கெஞ்சுவதில்லை, முறைப்பதில்லை, பக்கத்து வீட்டுப் பேச்சே எடுப்பதில்லை. வேட்டியின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட மறு முனையை அவர் கையில் வைத்துவிடுவது. அவர் வலப்பக்கம் சுற்றினால் நான் இடப்பக்கம் சுற்றுவது.

வேட்டிக்குக் கை பழகிவிட்டால் அடுத்தது தூளிச் சேலை. அதற்கடுத்தது மல்லிகாவின் துணி.